பாதியில் நின்ற முள்

“முள்ளு இன்னும் பாதியிலதான் இருக்குண்ணா.”

2023 டிசம்பர் 6-ஆம் தேதி காலை, காலெல்லாம் சேறு காய்ந்து பட்டறை வாசலில் வந்து நின்ற டிரைவர் தம்பி சொன்ன முதல் வார்த்தை இது. வண்டி எங்கே நிற்கிறது, யாருக்காவது ஏதாவது ஆனதா என்று நான் கேட்பதற்குள் சொல்லிவிட்டார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், பதிலுக்கு நானும் ஏதாவது பேசியிருப்பேன்.

அவர் ஓட்டுவது பழைய டிஸ்போசல் லாரி. ராணுவம் கழித்துவிட்டதை ஏலத்தில் எடுத்து, எண்ணூர் பக்கம் சேறு இறங்கிய இடங்களுக்குக் கல்லும் ஜல்லியும் ஏற்ற முதலாளி வைத்திருந்தார். மிக்ஜாம் புயல் மழையில் மணலி புதுநகர் மூழ்கியபோது, உயரமான அந்த வண்டியை ஆட்களை ஏற்றி வெளியே கொண்டுவர அனுப்பினார்கள். இரண்டு நடை நன்றாகப் போனது. மூன்றாவது நடையில், ஆண்டார்குப்பம் போகும் ரோட்டில், இருபது பேரோடு இடுப்பளவு தண்ணீரில் வண்டி நின்றுவிட்டது. டேங்க்கில் டீசல் இல்லை. டேஷ் போர்டில் டீசல் அளவு காட்டும் முள் பாதியில் இருந்தது.

அந்த முள்ளைச் சரிசெய்தவன் நான். நவம்பர் நடுவில்.

பதினேழு வருஷம் ராணுவத்தில் வெகிகிள் மெக்கானிக்காக இருந்தவன் நான். அங்கே பழைய வண்டியின் டீசல் முள்ளை யாரும் பார்த்து நான் பார்த்ததில்லை. ஜபல்பூரில் 1996 வரை தயாரான சக்திமான் லாரிகள் எங்கள் எம்.டி. பார்க்கில், அதாவது வண்டிகள் நிறுத்தும் இடத்தில், வரிசையாக நிற்கும். ஒன்றில் முள் எப்போதும் காலி காட்டும், பக்கத்து வண்டியில் எப்போதும் ஃபுல். தயாரித்தவர் குறை என்று சொல்லமாட்டேன். வயதும் வேலையும் அப்படி. டேங்க்குக்குள் இருந்து முள்ளை ஆட்டும் டேங்க் யூனிட் என்பது என்ன? ஒரு மிதவை, ஒரு கம்பிக்கை, அந்தக் கை ஏறி இறங்கும்போது உரசிப் போகும் மெல்லிய கம்பிச்சுற்று. கரடுமுரடான ரோட்டில் டீசல் அலைய அலைய, கை ஒரே இடத்தில் உரசிச் சுற்று தேய்ந்துவிடும். மாசக்கணக்கில் நகராமல் நின்ற வண்டியில் கை துருப்பிடித்து இறுகும். பித்தளை மிதவையில் பற்றவைத்த இடம் விட்டால் உள்ளே டீசல் புகுந்து அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். டேங்க்கில் எர்த் சரியாகப் பிடிக்காவிட்டாலே போதும், முள் இஷ்டத்துக்கு ஆடும். அதனால் காலையில் வண்டியைச் சோதிக்கும் ஃபர்ஸ்ட் பரேடில் டிரைவர் டேங்க் மூடியைத் திறந்து குச்சியை விட்டு அளப்பார். ஓடிய தூரமும் போட்ட டீசலும் கார் டைரியில் ஏறும். கேரியரில் இருபது லிட்டர் ஜெரிகேன் இருக்கும். முள் வேலை செய்கிறது என்று சொன்னாலும் சுபேதார் சாப் குச்சியைக் காட்டச் சொல்வார்.

இத்தனையும் தெரிந்தவன் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தம்பியிடமும் ஒரு குச்சி இருந்தது. சவுக்குக் கொம்பைச் சீவி, கத்தியால் வெட்டு வெட்டாகக் குறி போட்டது. ஒரு வெட்டுக்கு 25 லிட்டர். சீட்டுக்குப் பின்னால் வைத்திருப்பார், டீசலில் ஊறி ஊறிக் கறுத்துப் போயிருந்தது. முதலாளிக்கு அந்தக் குச்சி பிடிக்காது. டீசல் கணக்கு டிரைவர் சொல்வதுதான் என்று ஆகிவிடுகிறதே என்ற எண்ணம் அவருக்கு. முள்ளைச் சரிபண்ணிக் கொடுங்கள் என்றார்.

அந்த வண்டிக்கு ஒரிஜினல் டேங்க் யூனிட் கிடைக்கவில்லை. வேறொரு லாரியின் யூனிட்டை வாங்கினேன். கை கொஞ்சம் நீளம். குறடால் வளைத்தேன். வெளியே வைத்துக் கையால் ஏற்றி இறக்கிப் பார்த்தேன். முள் காலியிலிருந்து ஃபுல்லுக்கு அழகாக ஏறி இறங்கியது. ஐந்து ஸ்க்ரூவையும் முறுக்கி, புது எர்த் ஒயர் இழுத்து, டேங்க்கை நிரப்பச் சொன்னேன். முள் ஃபுல்லில் போய் நின்றது. எனக்குச் சந்தோஷம். அந்த மாதிரி வண்டியில் முள் ஒழுங்காக நின்று என் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

தம்பி கேட்டார்: “அண்ணா, குச்சிய வச்சிக்கட்டுமா?”

“இனிமே எதுக்கு தம்பி? முள்ளுதான் சரியாயிடுச்சே. இங்க குடு.”

கொடுத்துவிட்டார்.

இந்த இரண்டு வரியைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவர் கேட்டது அனுமதி. பட்டறையில் என்னை மிலிட்டரி அண்ணா என்பார்கள், என் பேச்சுக்கு ஒரு மதிப்பு உண்டு. “வச்சிக்கோ, செலவா ஆகுது” என்று சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? முதலாளி பக்கத்தில் நின்றார், அது ஒன்று. இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். குச்சியை வைத்துக்கொள் என்றால் என் வேலையை நானே நம்பவில்லை என்று ஆகிவிடும்.

வெள்ளம் வடிந்தபின் யூனிட்டைக் கழற்றினேன். டேங்க்குக்குள் டீசல் அலையாமல் இருக்கத் தடுப்புத் தகடு உண்டு. நான் வளைத்த கை, பாதிக்குக் கொஞ்சம் கீழே இறங்கும்போது அந்தத் தகட்டின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டது. கம்பியில் அரை விரல் நீளத்துக்குப் பளபளவென்று உரசல். டேங்க்கைக் காலிவரை இறக்கிப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். ஆனால் ஒரு முள்ளுக்காக டேங்க் முழுவதையும் யார் இறக்கிப் பார்க்கிறார்கள்? மாதவரத்திலும் மஞ்சம்பாக்கத்திலும் எந்தப் பட்டறையில் கேட்டாலும் இதையே சொல்வார்கள். சொல்லிக்கொள்கிறேன். சொல்லிவிட்டு, சுபேதார் சாப் இறக்கச் சொல்லியிருப்பார் என்பதும் ஞாபகம் வருகிறது.

இன்னொரு நியாயமும் வைத்திருக்கிறேன். தண்ணீரில் சின்ன கியரில் உறுமிக்கொண்டே போகும் லாரி எவ்வளவு குடிக்கும் என்பது டிரைவருக்குத் தெரிய வேண்டாமா? முள் அசையாமல் நிற்பதைக் கவனிக்க வேண்டாமா? கேட்டேன், அவரிடமே. “கவனிச்சேண்ணா. மெதுவா எறங்குது, நீங்க பண்ணது நல்லா வேலை செய்யுதுன்னு நெனச்சிட்டேன்” என்றார். முள் செத்துக் கிடந்த வரைக்கும் அவர் ஒருமுறைகூட நடுவழியில் நின்றதில்லை.

அன்று இரவு எங்கிருந்தோ ஒரு கேன் டீசல் கிடைத்திருக்கிறது. ஊற்றினால் மட்டும் ஓடாதே. வறண்ட லைனில் காற்று புகுந்துவிடும். ஃபில்டர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஹேண்ட் பிரைமரை அடித்து, குமிழி நின்று சுத்தமாக டீசல் வரும்வரை ஏர் எடுக்க வேண்டும். பம்பைத் தொட்டுக்கொண்டு தண்ணீர். கரண்ட் இல்லாத இருட்டு. செல்போன் வாயில் பிடித்த வெளிச்சத்தில் இரண்டரை மணி நேரம் போராடியிருக்கிறார். கடைசியில் மீனவர்கள் ஃபைபர் படகோடு வந்துதான் எல்லோரையும் இறக்கினார்கள்.

ஏறியவர்களில் ஒரு பெரியவருக்குச் சர்க்கரை. காலில் ஏற்கெனவே புண். படகுவரை தம்பிதான் முதுகில் சுமந்திருக்கிறார், ஆனாலும் பாதி தூரம் கால் தண்ணீரில் தொங்கியிருக்கிறது. அடுத்த மாதம் அவருக்கு இரண்டு விரலை எடுத்தார்கள். போய்ப் பார்த்தேன். சர்க்கரை அதிகம், எப்படியும் எடுத்திருக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொன்னதாக அவர் மகள் சொன்னார். அந்த அம்மாவுக்கு நான் யார் என்று தெரியாது. லாரி அனுப்பியவர்களில் ஒருவன் என்று நினைத்து நன்றி சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த வீட்டுக்கு இன்னொரு தடவை போகவேண்டும் என்று இரண்டு முறை கிளம்பி, மூலக்கடைவரை போய்த் திரும்பிவிட்டேன். சொன்னால் யாருக்கு என்ன லாபம் என்றும் தோன்றுகிறது, அது எனக்குச் சௌகரியமான கேள்வி என்றும் தோன்றுகிறது.

டிசம்பர் 6 காலைக்கு வருகிறேன். பேசிக்கொண்டிருக்கும்போதே தம்பியின் கண் என் மேசைப் பக்கம் போனது. அவர் குச்சி அங்கே கிடந்தது. ரெட் ஆக்சைடு கலக்க அதை எடுத்திருந்தேன். இரண்டாவது வெட்டுவரை சிவப்பு காய்ந்து இறுகியிருந்தது, டேங்க்கில் விட முடியாது. இரண்டு பேரும் பார்த்தோம். எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

இப்போதும் முள்ளைச் சரிசெய்து கொடுக்கிறேன். கேட்டு வருகிறவர்களிடம் மாட்டேன் என்று சொல்ல முடிகிறதா? டேங்க்கை இறக்கிக் காலிவரை பார்க்கிறேன், அதற்குக் கூலி கேட்டால் முகம் சுளிக்கிறார்கள்.

அந்த லாரிக்கு வேறு யூனிட் போட்டேன், காசு வாங்கவில்லை. கூடவே ஒரு புதுக் குச்சியும் சீவி, அளந்து குறி வெட்டிக் கொடுத்தேன். தம்பி வாங்கிக்கொண்டு தலையாட்டினார். அப்புறம் பங்க்கில் இருந்து கேன் கேனாக டீசல் கொண்டுவந்து ஊற்றி, ஒவ்வொரு தடவையும் குச்சியை விட்டுப் பார்த்து, நான் வெட்டிய குறிக்கு ஒரு நூல் கீழே தன் கத்தியால் வேறு குறி வெட்டிக்கொண்டிருந்தார். நான் டார்ச் பிடித்தேன்.