‘நான் போடுகிறேன்’

“கட்டாயமெல்லாம் இல்லை. ஆனால் நான் போடுகிறேன்.”

நிறுவனம் கேட்கிற அரசியல் நன்கொடையைப் போட்டுத்தான் ஆக வேண்டுமா என்று, என் கீழே வேலை பார்க்கிற ஒருத்தி கேட்டதற்கு நான் சொன்ன பதில் இவ்வளவுதான். முதல் வாக்கியம் சட்டத்தில் உள்ளது, இரண்டாவது என்னைப் பற்றிய உண்மை. எதிலும் பொய் இல்லை. ஆனாலும் அந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று இன்றைக்கும் மனசு அரிக்கிறது.

எங்கள் நிறுவனத்தின் பிஏசி (அரசியல் நிதிக்குழு) மடல் ஆண்டுதோறும் பிப்ரவரியில் வரும். அமெரிக்காவில் பெரிய நிறுவனங்களில் வேலை பார்த்தவர்களுக்கு அது என்னவென்று தெரியும். 1907இலிருந்து ஒரு நிறுவனம் தன் கணக்கிலிருந்து, அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸுக்குப் போட்டியிடும் வேட்பாளருக்கு நேரடியாக ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது. அதனால் இப்படி ஒரு நிதிக்குழுவை அமைத்து, மேலாளர்களிடமும் பங்குதாரர்களிடமும் பணம் கேட்கிறார்கள். சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். குழுவை நடத்தும் செலவு மட்டும் நிறுவனத்தினுடையது. கொடுக்காவிட்டால் எந்தப் பாதகமும் வராது என்று மடலிலேயே எழுதியிருக்கும். அப்படி எழுத வேண்டும் என்பது சட்டம்.

அவளுக்கு அந்த மடல் முதன்முறையாக வந்தது 2022இல். எச்1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருக்கிறவர்கள் தேர்தல் நிதி கொடுக்கக் கூடாது, நிரந்தரமாகத் தங்க உரிமை தரும் கிரீன் கார்டு வந்துவிட்டால் கொடுக்கலாம். பதினோரு வருடம் வரிசையில் நின்று, 2021 கடைசியில்தான் அவளுக்குக் கார்டு வந்தது. அடுத்த மாதமே பதவி உயர்வு. அதைப் பரிந்துரைத்தவன் நான். அப்புறம் இந்த மடல்.

“அண்ணா, இதைப் போடாவிட்டால் ஏதாவது நினைப்பார்களா?”

மதியச் சாப்பாட்டு நேரம், தமிழில்தான் கேட்டாள். அலுவலகத்தில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவள், அன்றைக்கு அண்ணா என்றாள். அண்ணனிடம் கேட்டாள் என்றுதான் நானும் எடுத்துக்கொண்டேன். அண்ணனாகத்தான் பதில் சொன்னேன் என்று பல நாள் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டும் இருந்தேன். ஆனால் அவளுடைய வருடாந்தர மதிப்பீட்டில் கையெழுத்துப் போடுகிறவனும் நான்தானே.

நான் போடுவதை மறைத்திருந்தால் மட்டும் என்ன? வருடத்துக்கு 200 டாலருக்கு மேல் கொடுப்பவர்களின் பெயர், வேலை, நிறுவனம் எல்லாம் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கின்றன. அவளே தேடிப் பார்த்திருப்பாள். அதைவிட நேராகச் சொன்னதே மேல். இப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

அந்த இணையதளத்தில் தேடியது கடைசியில் நான்தான். 2023இல் ஒரு ராத்திரி அவள் பெயரைத் தட்டினேன். சம்பளத்துக்கு 25 டாலர், வருடத்துக்கு 26 சம்பளம், மொத்தம் 650. நான் போடும் அதே தொகை, காசு பிசகாமல். நான் எவ்வளவு போடுகிறேன் என்று அவளிடம் சொன்னதே இல்லை.

அதோடு மூடியிருக்கலாம். பணம் யாருக்குப் போனது என்றும் பார்த்தேன். வேலைவழிக் கிரீன் கார்டுகளில் எந்த ஒரு நாட்டினருக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்ற உச்சவரம்புதான் அந்த நீண்ட வரிசைக்குக் காரணம். அதை எடுத்துவிடும் மசோதா 2019 ஜூலையில் பிரதிநிதிகள் சபைக்கு வந்தது நினைவிருக்கும். 365 பேர் ஆதரவு, 65 பேர் எதிர்ப்பு. மேலவையான செனட் 2020 டிசம்பரில் தன் வடிவம் ஒன்றை நிறைவேற்றியது. இரண்டையும் ஒன்றாக்காமலே அந்தக் காங்கிரஸின் பதவிக்காலம் முடிந்துபோனது. எதிர்த்த அந்த 65 பேரில் ஒருவருக்கு எங்கள் குழு முதல்நிலைத் தேர்தலுக்கு 5,000, பொதுத் தேர்தலுக்கு 5,000 கொடுத்திருந்தது. சட்டம் அனுமதிக்கிற உச்சத் தொகை அது. எங்கள் தொழிலுக்கு வேண்டிய ஒரு நாடாளுமன்றக் குழுவில் அவர் உறுப்பினர், வேறு காரணம் இல்லை. பதினோரு வருடம் அவள் நின்ற வரிசை அப்படியே இருக்கட்டும் என்று வாக்களித்தவருக்கு அவள் சம்பளத்திலிருந்தும் பணம் போயிருக்கிறது.

அரசாங்கத்தைப் பெருமுதலாளிகள் விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று யாராவது சொன்னால், முன்பெல்லாம் நான் 2010ஆம் ஆண்டின் சிட்டிசன்ஸ் யுனைடெட் வழக்கின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத்தான் சொல்வேன். ஐந்துக்கு நான்கு என்று வந்த தீர்ப்பு. வேட்பாளரோடு கலந்து பேசாமல் தேர்தலுக்குச் செலவழிக்கிற வரை நிறுவனங்களுக்கு உச்சவரம்பே கிடையாது என்றாகிவிட்டது. அது நமக்கு எட்டாத உயரத்தில் நடந்த விஷயம், நமக்கும் அதற்கும் என்ன என்று இருந்தேன். அந்த ராத்திரிக்கு அப்புறம் பின்னோக்கிப் படிக்கத் தொடங்கினேன். 1971இல் லூயிஸ் பவல் என்ற வழக்கறிஞர், தொழில்துறை அரசியல் பலத்தைத் திட்டமிட்டுச் சேர்க்க வேண்டும் என்று அமெரிக்க வர்த்தக சபைக்கு ஒரு ரகசியக் குறிப்பு அனுப்பினார். இரண்டே மாதத்தில் அதிபர் நிக்சன் அவரை உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்தார். பொதுவாக்கெடுப்புகளில் நிறுவனங்கள் பணம் செலவழிப்பதும் பேச்சுரிமைதான் என்று 1978இல் தீர்ப்பு எழுதியவரும் அவரே. 1974இல் 89ஆக இருந்த நிறுவன பிஏசிக்கள் 1980இல் 1,200ஐத் தாண்டிவிட்டன.

அந்த ஆயிரத்து இருநூறு அலுவலகங்களிலும் என்னைப் போல ஒருவன் உட்கார்ந்து, கட்டாயமில்லை என்று அன்பாகச் சொல்லியிருப்பான். யாரும் யாரையும் மிரட்டியிருக்க மாட்டார்கள்.

சரி, 25 டாலரில் என்ன வந்துவிடும் என்றும் தோன்றும். அவள் சந்தோஷமாகவேகூடப் போட்டிருக்கலாம்; இந்த நாட்டில் தனக்கும் ஒரு இடம் கிடைத்துவிட்டது என்ற நினைப்பில். நான்தான் தேவையில்லாமல் என் குற்ற உணர்வை அவள் தலையில் ஏற்றுகிறேனோ என்னவோ.

போன மார்ச்சில் என் பிடித்தத்தை நிறுத்தினேன். சம்பளப் பக்கத்தில் ஒரே ஒரு பெட்டி, அதை எடுத்துவிட்டால் முடிந்தது. அவளிடம் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. இரண்டு முறை அவள் மேசை வரை போய்விட்டு, வேறு ஏதோ பேசிவிட்டுத் திரும்பினேன். நான் போடுகிறேன் என்று சொன்னதே அவளுக்கு ஒரு உத்தரவாக ஆகியிருந்தால், நான் நிறுத்திவிட்டேன் என்பதும் அப்படித்தான் ஆகும். சொல்லாவிட்டால் மாதாமாதம் அவள் பணம் போய்க்கொண்டிருக்கும். இன்னும் சொல்லவில்லை.