தேதி போடாத கையெழுத்து

ஒரகடம் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் ஆறு ஆண்டுகள் எச்.ஆர். உதவியாளராக இருந்தேன். வருகைப் பதிவு, சம்பளப் பட்டியல், ஷிப்ட் பஸ் வராத நாளில் எல்லோரிடமும் திட்டு வாங்குவது எல்லாம் என் வேலை. இவற்றில் எனக்குக் கசந்தது விருப்பப் படிவம் வாங்குவதுதான்.

"கூடுதல் நேரம் வேலை செய்ய என் சொந்த விருப்பத்தின் பேரில் சம்மதிக்கிறேன்" என்று அதில் ஒரே வரி. கீழே பெயர், டோக்கன் எண், கையெழுத்து, தேதி. ஏஜென்சி மூலம் வருகிறவர்களிடம் சேருகிற நாளிலேயே பத்துப் படிவங்களை நீட்டுவோம். கையெழுத்துப் போட வேண்டும். தேதி போடக் கூடாது. அதை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

செய்யாறு பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் படிவத்தை முன்னும் பின்னும் திருப்பினார். "சார், விருப்பமில்லை என்றால் எங்கே எழுத வேண்டும்?" கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தேடினார். "போடும்மா, பஸ் கிளம்பிவிடும்" என்றேன். எட்டாவது தாளில் அவர் பேனா எழுதவில்லை. என் பேனாவை வாங்கி மிச்சத்தையும் முடித்துவிட்டுக் கொடுத்தார்.

அதனால்தான் 2023 ஏப்ரல் 21 அன்று சட்டப்பேரவையில் பேசப்பட்டது எனக்கு வேறுவிதமாகக் கேட்டது. தொழிற்சாலைகள் திருத்த மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்று 1948 ஆம் ஆண்டுச் சட்டம் போட்டு வைத்த வேலிகளிலிருந்து, அரசு நினைத்தால் எந்தத் தொழிற்சாலைக்கும் விலக்கு அளிக்கலாம் என்றது புதிய 65ஏ பிரிவு. இடதுசாரிகளும் காங்கிரசும் விடுதலைச் சிறுத்தைகளும், திமுக கூட்டணியில் இருந்துகொண்டே வெளிநடப்பு செய்தார்கள். அரசுத் தரப்பின் பதில்: வாரத்துக்கு 48 மணி நேரம் மாறாது, நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்பது விரும்புகிற தொழிலாளிக்கு மட்டும்தான்.

விரும்புகிற தொழிலாளி! என் மேசை இழுப்பறையில் அவர்கள் கட்டுக்கட்டாக இருந்தார்கள்.

அதற்கு இரண்டு மாதம் முன்பு கர்நாடகத்தில் பாஜக அரசு இதே பன்னிரண்டு மணி நேரத்தைக் கொண்டுவந்திருந்தது. அது எனக்கு வியப்பாக இல்லை. அவர்கள் யாருக்காக ஆள்கிறார்கள் என்பதில் எனக்குக் குழப்பமே இருந்ததில்லை. என்னை உறுத்தியது நான் ஓட்டுப் போட்ட பக்கம். சமூகநீதியை நான் இளக்காரமாகப் பேச மாட்டேன். என் அம்மா கட்டணமில்லாப் பேருந்தில்தான் சந்தைக்குப் போகிறார். ஆனால் அந்த டிக்கெட்டுக்கான பணம் அரசுக் கஜானாவிலிருந்து போகிறது. முதலாளியின் பையிலிருந்து ஒரு ரூபாய்கூடப் போவதில்லை. அந்தப் பையைத் தொட வேண்டிய இடம் வந்ததும் முற்போக்குப் பேச்சு வற்றி, 'முதலீடு', 'நெகிழ்வுத்தன்மை' என்று எங்கள் மேலாளரின் குரல் வருகிறது.

எங்கள் நிறுவனமும் முற்போக்கானதுதான். அந்த மார்ச் 8 அன்று கேன்டீனில் இளஞ்சிவப்புப் பலூன், கேக், சமத்துவம் பற்றி இருபது நிமிட உரை. கேட்டவர்கள் எல்லோரும் அலுவலகப் பெண்கள். லைனை நிறுத்த முடியாதாம். ஏஜென்சிப் பெண்களுக்கு ஷிப்ட் முடியும்போது பஞ்ச் மெஷின் பக்கத்தில் கேக்கைத் துண்டு போட்டு, காகிதத்தில் சுற்றி வைத்திருந்தோம். கிரீம் உருகிக் காகிதத்தோடு ஒட்டிப்போயிருந்தது. அதை அடுக்கியதும் நான்தான்.

ஒவ்வொருவராக உட்காரவைத்து வாங்கினால் அதற்குப் பெயர் விருப்பம். எல்லோருமாகச் சேர்ந்து ஒன்றை விரும்பினால் என்ன நடக்கும் என்பதை அடுத்த ஆண்டு சுங்குவார்சத்திரத்தில் பார்த்தோம். சாம்சங் தொழிலாளர்கள் சங்கத்துக்கு அங்கீகாரம் கேட்டு 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கத்தைப் பதிவு செய்து வாங்க 2025 ஜனவரி ஆகிவிட்டது. எங்கள் கேன்டீனில் அதைப் பற்றி யாரும் சத்தமாகப் பேசவில்லை.

மசோதாவுக்கு வருகிறேன். எதிர்ப்பு வலுத்ததால் மூன்றே நாளில் நிறுத்திவைத்தார்கள். மே 1 அன்று சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் முதலமைச்சர் அது திரும்பப் பெறப்பட்டதாக அறிவித்தார். தொழிற்சங்க முன்னோடி சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடி அன்றோடு சரியாக நூறு ஆண்டு. விடுமுறை நாள். வீட்டில் டிவி பார்த்துக் கைதட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. விடுமுறையில் விட்டுப்போன உற்பத்தியை அந்த வாரமே ஈடுகட்ட வேண்டும் என்று தகவல் வந்திருந்தது. காலை ஒன்பதரைக்கு மேலாளர் கோப்பைக் கேட்டார். இழுப்பறையைத் திறந்து கட்டை எடுத்தேன். செய்யாற்றுப் பெண்ணின் தாள்கள் மேலாகவே இருந்தன. கடைசி மூன்றில் என் பேனாவின் பச்சை மை. அதே பேனாவால் தேதி போட்டேன்.