லிங்கோ நீட்சியும் ‘கருதப்படுகிறது’ என்ற சொல்லும்

உயிரியல் கட்டுரை எழுதுகிறவர்களுக்கு ஒரு தீராத சங்கடம் உண்டு. நொதி, இழைமணி, சவ்வூடுபரவல் என்று சொல்லுக்குச் சொல் நின்று விளக்கினால், விஷயம் தெரிந்தவருக்குச் சலிப்பு. விளக்காமல் விட்டால், புதிதாகப் படிக்கிற மாணவர் இரண்டாம் பத்தியிலேயே கழன்றுகொள்வார். பள்ளி மாணவர்களுக்காக நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் விக்கியில் இதற்கு வெகுநாள், பக்கங்களில் செருகும் வார்ப்புருவைத்தான் (டெம்ப்ளேட்) நம்பியிருந்தோம். சொல்லையும் விளக்கத்தையும் வார்ப்புருவுக்குள் கொடுத்தால், சுட்டியை மேலே கொண்டுபோகும்போது சின்னப் பெட்டியில் விளக்கம் வரும். வேலை செய்தது, ஆனால் அளவுக்கு மேல் வேலை வாங்கியது. ஒரே சொல்லுக்கு ஐந்து கட்டுரைகளில் ஐந்து விதமான விளக்கம். ஒன்றில் பிழை திருத்தினால் மற்ற நான்கும் பழையபடியே கிடக்கும்.

விளக்கங்கள் ஓரிடத்தில் இருக்க வேண்டும், பக்கங்கள் தாமாக அதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தேடியபோது கிடைத்ததுதான் லிங்கோ: விக்கிகளை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளோடு சேர்த்துக்கொள்ளும் ஒரு கூடுதல் நிரல், அதாவது நீட்சி. அதை நிறுவியதையும், அதைவிட முக்கியமாகத் தமிழுக்கு ஏற்றபடி வளைத்ததையும் எழுதி வைக்கிறேன். தமிழ் விக்கி நடத்தும் வேறு யாருக்காவது உதவும்.

நிறுவுவதில் சொல்ல அதிகமில்லை. நீட்சியைக் கம்போசர் என்ற நிறுவு கருவி வழியாகக் கொண்டுவந்து, விக்கியின் அமைப்புகள் உள்ள லோக்கல்செட்டிங்ஸ் கோப்பில் நீட்சியை ஏற்றும் ஒரு வரியைச் சேர்த்தால் போதும். சிறப்புப் பக்கங்களில் உள்ள பதிப்புப் பக்கத்தில் லிங்கோவின் பெயர் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வரவில்லை என்றால் மேற்கொண்டு எதைச் செய்தும் பயனில்லை.

அடுத்தது சொற்பட்டியல். லிங்கோ இயல்பாக ‘டெர்மினாலஜி’ என்ற பக்கத்தைத் தேடும். வேறு பெயர் வேண்டுமென்றால் ‘லிங்கோபேஜ்’ என்று முடியும் அமைப்பு மாறியில் கொடுக்கலாம். நாங்கள் ‘கலைச்சொற்கள்’ என்று வைத்தோம். அந்தப் பக்கத்தில் எழுதும் முறை விக்கியில் ஏற்கெனவே உள்ள வரையறைப் பட்டியல்தான்: அரைப்புள்ளியில் தொடங்கும் வரியில் சொல், முக்காற்புள்ளியில் தொடங்கும் வரியில் விளக்கம். ஒரே விளக்கத்துக்குப் பல சொற்கள் என்றால் அரைப்புள்ளி வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிவிட்டு, கடைசியில் விளக்கத்தை ஒரு தடவை எழுதினால் போதும். இந்தக் கடைசி வசதியை முதலில் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு எங்கள் பட்டியல் முழுக்க அதன்மேல்தான் நின்றது.

சோதனைக்காக டிஎன்ஏ, ஆர்என்ஏ, ஏடிபி என்று சுருக்கப் பெயர்களைப் போட்டுப் பார்த்தோம். பிரமாதமாக வந்தது. சொல்லின் கீழே புள்ளிக்கோடு, சுட்டியை வைத்தால் விளக்கம். அந்த உற்சாகத்தில் உண்மையான தமிழ்ச் சொற்களை உள்ளே விட்டோம். அவற்றில் ஒன்று ‘கரு’. தாய்க்குள் வளரும் தொடக்கநிலை உயிர் என்று விளக்கமும் கொடுத்தாயிற்று.

மறுபடி கட்டுரைகளைத் திறந்தால் எங்கு பார்த்தாலும் புள்ளிக்கோடு. ‘கருவி’யில் முதல் இரண்டு எழுத்துக்குக் கீழே கோடு. ‘கருத்து’, ‘கருப்பு’, ‘உட்கரு’ ஒன்றும் தப்பவில்லை. எல்லாவற்றுக்கும் சிகரம் ‘கருதப்படுகிறது’. கலைக்களஞ்சிய நடையில் எழுதுகிறவர்கள் எதையும் நேராகச் சொல்லாமல் ‘கருதப்படுகிறது’ என்று முடிப்பவர்கள் அல்லவா? அத்தனை வாக்கியத்தின் ஈற்றிலும் ஒரு சிசு உட்கார்ந்திருந்தது.

காரணம் தேடி நீட்சியின் நிரலுக்குள் போனேன். பக்கத்தின் உரையை லிங்கோ முதலில் துண்டுகளாக வெட்டுகிறது, பிறகு அந்தத் துண்டுகளின் வரிசையைப் பட்டியலோடு ஒப்பிடுகிறது. எங்கே வெட்டுவது என்பதை ஒரு ரெஜெக்ஸ் வரி, அதாவது எழுத்து வடிவங்களைத் தேடும் விதி, முடிவு செய்கிறது. தொடர்ந்து வரும் எழுத்துகளும் எண்களும் சேர்ந்து ஒரு துண்டு; எழுத்தும் இல்லை, எண்ணும் இல்லை என்றால் அந்த ஒற்றைக் குறியே தனித் துண்டு. ஆங்கிலத்துக்கு இது கச்சிதம். சொல் ஒரு துண்டு, இடைவெளி ஒரு துண்டு, நிறுத்தக்குறி ஒரு துண்டு.

தமிழில் சிக்கல், எழுத்துகளுக்குக் கணினி எண் தரும் யூனிகோடு தரத்தின் வகைப்பாட்டிலிருந்து வருகிறது. உயிரெழுத்தும் அகரமேறிய மெய்யும் யூனிகோடில் ‘எழுத்து’ வகை. ஆனால் கால், கொம்பு, உகரக்குறி, புள்ளி எல்லாம் ‘சேர்க்குறி’ என்ற வேறு வகையைச் சேர்ந்தவை. எழுத்தா, எண்ணா என்று மட்டும் கேட்கும் விதிக்கு அவை இரண்டுமில்லை. ஆகவே ‘கரு’ அதன் கண்ணுக்கு ஒரு சொல் இல்லை. ‘கர’ என்ற துண்டும் உகரக்குறியும். ‘கருவி’ என்பது ‘கர’, உகரக்குறி, ‘வ’, இகரக்குறி. முதல் இரண்டு துண்டும் பட்டியலில் உள்ளதோடு பொருந்துகின்றன. அதோடு ஒரு சொல் முடிந்தது என்று அது கோடு போட்டுவிடுகிறது. ‘உட்கரு’வில் புள்ளியோடு ஒரு துண்டு முடிவதால் அதற்கடுத்த ‘கரு’ புதுச்சொல்லாகத் தெரிகிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இந்தக் குறையே சில இடங்களில் வரமாகிவிடுகிறது. ‘நொதி’ என்று மட்டும் பட்டியலில் இருந்தாலும் ‘நொதியை’, ‘நொதியால்’, ‘நொதிகள்’ எல்லாவற்றிலும் முன்பகுதி பிடிபடும். எனவே இதை அப்படியே விட்டுவிட்டு, தொல்லை தரும் சொற்களை மட்டும் நீக்கலாம் என்று குழுவில் ஒரு தரப்பு வாதாடியது. எனக்கு உடன்பாடில்லை. பாதிச் சொல்லுக்குக் கோடு போட்டுவிட்டு மீதியை அம்போவென்று விடுவது பார்க்கச் சகிக்காது. அதைவிட, எந்தச் சொல் பிடிபடும் என்பது அந்தச் சொல் எந்தக் குறியில் முடிகிறது என்ற தற்செயலைப் பொறுத்தது. ‘கணையம்’ என்று பட்டியலில் இருக்கும். ‘கணையத்தில்’ என்று கட்டுரையில் வந்தால் பிடிபடாது. மகர ஈறு தகரமாகத் திரிந்துவிடுகிறதே! அப்படியிருக்கும்போது படிக்கிறவருக்கு ஏன் இங்கே உண்டு, அங்கே இல்லை என்பதே புரியாது.

ஆகவே ரெஜெக்ஸ் வரியைத் திருத்தினோம். எழுத்து, எண் என்ற இரண்டோடு சேர்க்குறி வகையையும் சேர்த்தால் முழுத் தமிழ்ச் சொல்லும் ஒரே துண்டாகிவிடும். மாற்றம் என்னவோ சில குறிகள்தாம். நாங்கள் போட்ட பதிப்பில் இந்த வரி நிரலுக்குள்ளேயே இருந்ததால் நீட்சியின் கோப்பில்தான் கைவைக்க வேண்டியிருந்தது. இப்படிச் செய்தால் அடுத்த முறை நீட்சியைப் புதுப்பிக்கும்போது திருத்தம் அழிந்துபோகும். மாற்றத்தைத் தனி ஒட்டுக்கோப்பாக (பேட்ச்) எடுத்து வைத்து, புதுப்பிக்கும் நாளில் செய்ய வேண்டியவற்றில் அதையும் எழுதி வைத்திருக்கிறோம்.

சிசுக்கள் எல்லாம் ‘கருதப்படுகிறது’விலிருந்து இறங்கிப் போயின. கூடவே ‘நொதியை’யும் ‘நொதிகளால்’உம் போயின. இப்போது முழுச்சொல் அச்சுப்பிசகாமல் பொருந்தினால்தான் கோடு விழும்.

இங்கேதான் மென்பொருள் வேலை முடிந்து இலக்கண வேலை தொடங்கியது. ஒரு பெயர்ச்சொல்லுக்கு வேற்றுமை எட்டு. பன்மையைச் சேர்த்தால் பெருகும். அதன்மேல் ‘உம்’, ‘ஆக’, ‘ஆன’, ‘தான்’ ஏறும். பின்னால் வல்லினம் வந்தால் ‘நொதியைச்’, ‘நொதிக்குத்’ என்று ஒற்று வேறு ஒட்டிக்கொள்ளும். எல்லாவற்றையும் பட்டியலில் ஏற்றினால் கலைச்சொற்கள் பக்கம் இலக்கண வாய்பாடாகிவிடும். முதலில் ஒரு விரிதாளில் சூத்திரம் போட்டு எல்லா வடிவங்களையும் உருவாக்கிப் பார்த்தோம். உருவாக்குவது எளிது. ஆனால் அந்தப் பக்கத்தைத் திறந்து ஒரு விளக்கத்தைத் திருத்த நினைக்கும் ஆசிரியர், நடுவில் உள்ள ஒரு வரி விளக்கத்தைத் தேடியே சோர்ந்துவிடுவார்.

தீர்வு வேறொரு அமைப்பிலிருந்து கிடைத்தது. ‘லிங்கோ டிஸ்ப்ளே ஒன்ஸ்’ என்பதை இயக்கினால், ஒரு பக்கத்தில் ஒரு சொல் முதல்முறை வரும் இடத்தில் மட்டும் கோடு விழும். கண்ணுக்கு உறுத்தல் இல்லாமல் இருக்கட்டும் என்றுதான் இதை இயக்கினோம். பிறகுதான் தோன்றியது: முதல் இடம் மட்டும் போதும் என்றால், அந்த முதல் இடத்தில் சொல்லை வேற்றுமை ஏறாமல் எழுதச் சொன்னால் என்ன? ‘நொதி என்னும் புரதம்’, ‘கணையம் என்ற சுரப்பி’ என்று அறிமுகப்படுத்துவது எப்படியும் நல்ல எழுத்துப் பழக்கம்தானே. எழுத்து நடைக் கையேட்டில் அதை விதியாகச் சேர்த்தோம். பட்டியலில் எழுவாய் வடிவம், பன்மை, அடிக்கடி வரும் இரண்டொரு உருபேற்ற வடிவங்கள், அவ்வளவுதான். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: பட்டியலில் உள்ள ஒவ்வொரு வடிவமும் லிங்கோவுக்குத் தனிச்சொல். ‘நொதி’க்கு ஒரு கோடு விழுந்த பிறகும் ‘நொதிகள்’ முதல்முறை வரும்போது இன்னொரு கோடு விழும். வடிவங்களைக் குறைத்து வைக்க இதுவும் ஒரு காரணம்.

இத்தனைக்குப் பிறகும் சில சொற்கள் அடம்பிடித்தன. திரையில் பார்த்தால் பட்டியலிலும் கட்டுரையிலும் அதே சொல். ஆனால் பொருந்தாது. நோண்டிப் பார்த்ததில் இரண்டு குற்றவாளிகள். ஒன்று, பழைய கோப்புகளிலிருந்து நகலெடுக்கும்போது சொல்லுக்குள் ஒட்டிக்கொண்டு வரும் கண்ணுக்குத் தெரியாத இணைப்பு நீக்கக் குறி. க், ஷ இரண்டும் சேர்ந்து கூட்டெழுத்தாகாமல் தடுக்க அதற்கு ஒரு நியாயமான வேலை உண்டு; மற்ற இடங்களில் வெறும் குப்பை. இரண்டாவது, ‘ௌ’ என்ற ஒரே குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் ‘ள’ எழுத்துமாகத் தட்டச்சுவது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, கணினிக்கு வேறு வேறு. ஒகரத்தில் இந்தத் தொல்லை இல்லை. கொம்பையும் காலையும் தனித்தனியாகத் தட்டியிருந்தாலும், சேமிக்கும்போதே மீடியாவிக்கி அவற்றை ஒரே வடிவத்துக்கு இயல்பாக்கிவிடும். ஔகாரத்தில் ஏமாற்றுவது ‘ள’ என்ற உண்மையான எழுத்து என்பதால் இயல்பாக்கம் அதைத் தொடாது. தேடி மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

கேச் பற்றி, அதாவது ஒருமுறை தயாரித்த பக்கத்தைச் சேமித்து வைக்கும் இடம் பற்றி, ஒரு வார்த்தை. கலைச்சொற்கள் பக்கத்தில் விளக்கத்தைத் திருத்திச் சேமித்ததும் மற்ற பக்கங்களில் உடனே தெரிய வேண்டும் என்று எதிர்பார்த்துத்தான் எல்லாரும் முதலில் குழம்புகிறார்கள். கட்டுரைப் பக்கத்தின் தயாரான வடிவம் பார்சர் கேச்சில் இருக்கும். கோடும் விளக்கமும் அதற்குள்ளேயே. அதன் இயல்பான ஆயுள் 86,400 விநாடி, அதாவது ஒரு நாள். அவசரம் என்றால் அந்தப் பக்கத்தை மட்டும் பர்ஜ் செய்யலாம், அதாவது அதன் கேச்சை அழித்துப் புதுப்பிக்கலாம். எல்லாப் பக்கமும் ஒரேயடியாகப் புதிதாக வேண்டுமென்றால் லோக்கல்செட்டிங்ஸ் கோப்பை ஒருமுறை சேமித்தால் போதும். அந்தக் கோப்பின் நேரம் மாறினால் பழைய கேச் செல்லாது என்பது மீடியாவிக்கியின் இயல்பான நடத்தை. போக்குவரத்து அதிகமுள்ள விக்கியில் பட்டப்பகலில் இதைச் செய்யாதீர்கள். சர்வர் எல்லாப் பக்கத்தையும் மறுபடி சமைக்க வேண்டியிருக்கும்.

எங்கே வேண்டாம் என்று சொல்லவும் வழிகள் உண்டு. பேச்சுப் பக்கம், பயனர் பக்கம் போன்றவற்றைப் பெயர்வெளி (பக்க வகை) வாரியாக அணைத்துவிடலாம். ஒரு தனிப் பக்கத்தில் வேண்டாமென்றால் ‘நோகிளாசரி’ என்ற மாயச்சொல்லை (மீடியாவிக்கிக்கான கட்டளைச் சொல்) இருபுறமும் இரண்டிரண்டு அடிக்கோட்டோடு ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதினால் போதும். ஒரு அட்டவணைக்கு மட்டும் என்றால் அதே பெயரைச் சிறிய எழுத்தில் எச்டிஎம்எல் வகுப்பாக (கிளாஸ்) கொடுக்கலாம். இணைப்புகளுக்குள் இருக்கும் சொல்லை லிங்கோ தானாகவே தொடாது. அதனால் முதல்முறை வரும் சொல்லுக்கு உள்ளிணைப்பு கொடுக்கும் வழக்கமுள்ள விக்கியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்: இணைப்பா, விளக்கமா? நாங்கள், தனிக்கட்டுரை உள்ள சொல்லுக்கு இணைப்பு, இல்லாததற்கு விளக்கம் என்று பிரித்துக்கொண்டோம்.

கலைச்சொற்கள் பக்கத்தைக் காப்பில் வையுங்கள். சாதாரணப் பக்கத்தில் யாராவது விஷமம் செய்தால் கெடுவது அந்தப் பக்கம் மட்டும். இங்கே ஒரு வரி மாறினால் விக்கி முழுக்க அது தெரியும். திருத்தம் சொல்ல விரும்புகிறவர்களுக்குப் பேச்சுப் பக்கம் திறந்தே இருக்கிறது.

மீடியாவிக்கியில் செமான்டிக் கிளாசரி என்று இன்னொரு நீட்சியும் உண்டு. அது லிங்கோவின் மேல் ஏறி, சொற்களைச் செமான்டிக் மீடியாவிக்கி (பக்கங்களில் உள்ள தகவலைத் தரவாகச் சேமிக்கும் நீட்சி) பண்புகளாகப் பக்கங்களிலேயே சேமிக்கவிடும். ஏற்கெனவே செமான்டிக் மீடியாவிக்கி வைத்திருப்பவர்களுக்கு நல்லது. ஒரு பக்கச் சொற்பட்டியலுக்காக அத்தனையையும் நிறுவுவது எங்களுக்கு அதிகமாகப் பட்டது.

இன்னும் மனநிறைவு தராதது செல்பேசிதான். தொடுதிரையில் சுட்டியை மேலே வைப்பது என்று ஒன்று கிடையாது. தவிர, சுட்டி வைத்தாலோ குவியம் (விசைப்பலகைத் தேர்வு) வந்தாலோ தோன்றும் எதுவும் எளிதில் மூடக்கூடியதாகவும், அதன்மேல் சுட்டியைக் கொண்டுபோனால் மறையாததாகவும் இருக்க வேண்டும் என்று 2018இல் வந்த டபிள்யூசிஏஜி 2.1 அணுகல்தன்மை வழிகாட்டி சொல்கிறது. எங்கள் மாணவர்களில் பலர் படிப்பது கைபேசியில். திரைவாசிப்பானைப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. அதனால் விளக்கம் இல்லாவிட்டால் வாக்கியமே புரியாது என்ற நிலையில் எந்தச் சொல்லையும் லிங்கோவை நம்பி விடுவதில்லை. அப்படிப்பட்ட சொல்லுக்குக் கட்டுரையின் உடலிலேயே அரை வாக்கியத்தில் பொருள் சொல்லிவிடுகிறோம். சுட்டி வைத்தால் வரும் விளக்கப் பெட்டி (டூல்டிப்), மறந்துபோனவர் திரும்பிப் பார்க்க மட்டும். கூடவே ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் கலைச்சொற்கள் பக்கத்துக்கு ஒரு சாதாரண இணைப்பு. அதைத் தொட்டால் எந்தத் திரையிலும் திறக்கும்.