மூன்றாவது பாட்டு

2022 ஏப்ரல் 30, சனிக்கிழமை விடியற்காலை. இலங்கை முழுக்க எரிபொருள் தட்டுப்பாடு. திருகோணமலை கண்டி வீதியில் பெற்றோல் வரிசை. ஐந்தரைக்கே பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தும் எனக்கு முன்னால் நூறு பேருக்குக் குறையாது. அந்த நாட்களில் ஒரு மோட்டார் சைக்கிளுக்கு 1000 ரூபாய்க்குத்தான் அடிப்பார்கள். பக்கத்தில் சீனன்குடாவில் 99 எண்ணெய்க் குதங்களை வைத்துக்கொண்டு மூன்று லீற்றருக்கு நிற்கிறோமே என்று பின்னால் ஒருவர் புலம்பிக்கொண்டிருந்தார். தினமும் யாராவது ஒருவர் அதைச் சொல்லாமல் வரிசை நகராது.

ஏழு மணிபோல வட்சப்பில் ஒரு வீடியோ வந்தது. ரொறன்ரோவில் இருக்கும் அக்காவின் மகள் அனுப்பியிருந்தாள். அங்கே வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதரை. "மாமா, சத்தத்தைக் கூட்டிக் கேளுங்கோ."

அமெரிக்கப் பாடகி ஒலிவியா ரொட்ரிகோ. சொந்தப் பெயரில் அவருக்கு அது முதல் சுற்றுப்பயணம், இடம் மஸி ஹோல். 1894இல் கட்டிய மண்டபம், மூவாயிரம் பேர்கூடக் கொள்ளாது. வீடியோவில் 'டிரைவர்ஸ் லைசென்ஸ்'. 2021 ஜனவரியில் வெளிவந்து, அமெரிக்கப் பட்டியலில் எட்டு வாரம் முதலிடத்தில் இருந்த பாட்டு. சாரதி அனுமதிப்பத்திரம் கிடைத்த பெண் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு அழுகிற கதை. பெற்றோல் இல்லாத பைக்கின் மேல் உட்கார்ந்துகொண்டு அதைக் கேட்டேன். பாடகியின் குரல் சரியாகக் கேட்கவேயில்லை. மண்டபம் முழுக்கப் பாடுகிறது, அதற்கும் மேலே என் மருமகள் பாடுகிறாள். பிள்ளைக்குச் சுருதி கொஞ்சம் விலகல், அது எங்கள் குடும்பத்தில் வருவதுதான்.

நான் கீபோர்ட் வாசிப்பவன். கோயில் திருவிழாக்களில் மேடை போட்டு வாசிக்கிற இசைக்குழுதான், பெரிதாக எண்ணிவிடாதீர்கள். அந்தப் பாட்டு கார்க் கதவு திறந்திருந்தால் அடிக்குமே, அந்த 'டிங் டிங்' ஓசையில் தொடங்கும். அதே தாளத்தில் பியானோ வந்து அந்த ஓசையை அப்படியே வாங்கிக்கொள்ளும். மின்வெட்டு இல்லாத ஒரு ராத்திரி முழுக்க என் பழைய கீபோர்ட்டில் அதைத் தேடிப் பார்த்திருக்கிறேன். சுரம் பிடிபட்டது, கார் பிடிபடவில்லை.

ஆனால் அன்றைக்கு என்னை உலுக்கியது வேறு. "கடைசிப் பாட்டா?" என்று கேட்டேன். "இல்லை மாமா, மூன்றாவது!"

மூன்றாவதா? உள்ளதிலேயே பெரிய பாட்டை யாராவது மூன்றாவதாகப் பாடுவார்களா?

வீட்டுக்கு வந்து (பெற்றோல் கிடைத்தது, பதினொன்றரைக்கு) பாட்டு வரிசையைத் தேடி எடுத்தேன். கையில் இருந்தது ஒரே ஒரு இசைத்தொகுப்பு, 11 பாட்டு, மொத்தமே 35 நிமிடம். அதை வைத்து ஓர் இரவை ஓட்ட வேண்டும். ஏப்ரல் 3ஆம் திகதி லாஸ் வேகஸில் மூன்று கிராமி விருது வாங்கியிருக்கிறார். அதே 3ஆம் திகதி எங்களுக்கு ஊரடங்கு, பேஸ்புக்கும் வட்சப்பும் பகல்வரை முடக்கம். 5ஆம் திகதி போர்ட்லண்டில் முதல் நிகழ்ச்சி. வயது 19. பெரிய அரங்குகளையே நிரப்பியிருக்கலாம். படிகளைத் தாண்டிக் குதிக்க விருப்பமில்லை என்ற கருத்தில் பேசி, சிறிய மண்டபங்களாக எடுத்திருக்கிறார். சரி, அது புத்திசாலித்தனம். எனக்குப் பிடித்தது அடுத்ததுதான். தன் 11 பாட்டோடு, மற்றவர்களின் பாட்டு இரண்டே இரண்டைக் கடன் வாங்கிச் சேர்த்துக்கொண்டார். மூன்றாவதாகத் தன் பெரிய பாட்டு, நாலாவதாகக் கனடியப் பாடகி அவ்ரில் லவீனின் 'கொம்ப்ளிகேற்றட்'. 2002இல் வந்த பாட்டு, பாடுகிற பிள்ளை அப்போது பிறக்கவேயில்லை. ரொறன்ரோவில் அவ்ரில் லவீனே மேடைக்கு வந்து சேர்ந்து பாடினார். ரொறன்ரோ இருக்கிற அதே ஒன்ராறியோ மாகாணத்தில் பிறந்தவர், கூரை பறந்திருக்கும். மருமகள் எடுத்த அந்தப் பாட்டின் வீடியோவில் மண்டபத்தின் மேற்சுவரும் யாரோ ஒருவரின் முழங்கையும்தான் தெரிந்தன.

எங்கள் குழுவின் பெயரை முதன்முதலாகத் தனியாக நோட்டீசில் போட்டது 2017இல், உப்புவெளிப் பக்கம் ஓர் அம்மன் கோயிலில். அதுவரை பெரிய குழுக்கள் வந்து சேரும்வரை, மைக் சோதிக்கிற சாட்டில் நாலு பாட்டு வாசிப்பவர்கள்தான் நாங்கள். அன்றைக்கு 18 பாட்டு. பதினேழு சினிமாப் பாட்டு, ஒன்று நாங்களே மெட்டுப் போட்டது. கொட்டியாரக் குடாவில் வலை இழுக்கிறவர்களைப் பற்றிய பாட்டு, வரிகள் எங்கள் டிரம்ஸ்காரனின் அப்பா எழுதியது. அதைக் கடைசிக்கு முதல், பதினேழாவதாகப் பொத்தி வைத்தோம். நல்லதைக் கடைசியில் கொடுக்க வேண்டும் என்று யார் எங்களுக்குச் சொன்னார்களோ தெரியாது, எல்லோரும் அப்படித்தான் நம்பினோம்.

பன்னிரண்டாவது பாட்டு நடந்துகொண்டிருக்கும்போது நிர்வாக சபை ஐயா ஒருவர் மேடையோரம் வந்து கையைக் காட்டினார். "தம்பி, சாமி வெளிவீதி வருது. நிப்பாட்டுங்கோ." சாமிக்கு முன்னால் என்ன பேச முடியும்? சாமி சுற்றி முடிந்து இருப்பிடம் போய்ச் சேர, சனமும் வீட்டுக்குப் போய்விட்டது. வயர்களைச் சுருட்டினோம். வரிகள் எழுதிய அப்பா முன்வரிசையில் வெள்ளைச் சேர்ட்டோடு கடைசிவரை இருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. நாங்களும் ஒன்றும் சொல்லவில்லை. 2020இல் அவர் போய்விட்டார்.

அதனால்தான் அந்த 'மூன்றாவது' என்ற சொல் எனக்கு அப்படி உறைத்தது. சனம் புதிதாக வந்து உட்கார்ந்திருக்கும்போதே, சாமியும் மழையும் மின்சாரமும் குறுக்கே வருவதற்கு முன்பே, உன்னிடம் இருப்பதைக் கொடுத்துவிடு. இத்தனை வருடமாகக் கீபோர்ட் தட்டியும் எனக்கு உதிக்காத யோசனை.

2023இல் திருவிழாக்கள் பழையபடி களைகட்டத் தொடங்கியதும் பயல்களிடம் சொன்னேன். இரண்டு வேகமான பாட்டு, மூன்றாவதாக எங்கள் வலைப்பாட்டு. டிரம்ஸ்காரன் என்னைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான். அன்றைக்குப் பாடினோம், முழுப் பாட்டும், ஒரு பிசகும் இல்லாமல்.

முன்வரிசையில் பாதிப் பேர் எழும்பிக் கச்சான் கடலை வாங்கப் போனார்கள். தெரியாத பாட்டென்றால் கச்சான் நேரம், அதுதான் ஊர் வழக்கம். நாலாவதாக ஓர் இளையராஜா பாட்டை எடுத்ததும் கச்சான் சுருளோடு ஓடி வந்து உட்கார்ந்தார்கள். மருமகளிடம் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தாள்.

இந்த வருடமும் மூன்றாவதாகத்தான் போட்டிருக்கிறோம். கச்சான்காரர் எங்களைக் கண்டால் இப்போது கை காட்டுகிறார்.