அக்கா கொடுத்த கிட்னியும் நெஞ்சுக்குள் வந்த கட்டியும்

2016-இல் அக்கா எனக்கு ஒரு கிட்னி கொடுத்தாள். அன்றிலிருந்து காலை எட்டு, இரவு எட்டு, மாத்திரை தவறியதில்லை. திருமங்கலத்தில் எங்கள் பாத்திரக் கடைக்கு வருகிறவர்களுக்கே என் போன் அலாரம் மனப்பாடம்.

2022-இல் அழகர் ஆற்றில் இறங்கிய வாரம், சாயங்காலமானால் காய்ச்சல். கூட்டத்துக்கே போகவில்லை, டிவியில்தான் பார்த்தேன். மூன்று வாரத்தில் நான்கு கிலோ இறங்கியது. எக்ஸ்ரேயில் நெஞ்சின் நடுப்பகுதி அகலமாகத் தெரிந்தது. முதலில் காட்டிய ஆஸ்பத்திரியில், "டிபிதான், இன்னைக்கே மாத்திரையை ஆரம்பிங்க" என்றார்கள். சளியில் கிருமி இல்லை. நம் ஊரில் டிபியைச் சந்தேகப்படுவது நியாயம்தான். சதை எடுத்துப் பார்க்காமலே ஆரம்பிக்கச் சொன்னதுதான் எனக்கு ஆறவில்லை.

கிட்னி டாக்டருக்குப் போன் போட்டேன். "ஒண்ணுகூடப் போடாதீங்க, கிளம்பி வாங்க" என்றார். டிபிக்குத் தரும் ரிஃபாம்பிசின், கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் காக்கிற டாக்ரோலிமஸின் அளவை ரத்தத்தில் மளமளவென்று இறக்கிவிடுமாம். நல்லவேளை, சீட்டு சட்டைப்பையில்தான் இருந்தது.

சிடி பார்த்துக்கொண்டே ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். முதல் தடவை எடுத்தது போதவில்லை, மறுபடி படுத்தேன். பத்து நாள் கழித்து முடிவு வந்தது. டிபி இல்லை, லிம்போமா எனும் வெள்ளணுப் புற்றுநோய் வகைக் கட்டி. எப்ஸ்டைன்-பார் என்றொரு வைரஸ், சின்ன வயதிலேயே பெரும்பாலானவர்கள் உடம்பில் வந்து பதுங்கிக்கொள்ளும். எதிர்ப்புச் சக்தியை மாத்திரை அடக்கி வைத்திருப்பதால், அது தங்கிய வெள்ளணுக்கள் கேட்பாரில்லாமல் பெருகிவிட்டன.

முதல் வைத்தியமே அந்த மாத்திரையைக் குறைப்பதுதான் என்றார்கள். கூடவே போட்டுவந்த இன்னொரு அடக்கும் மாத்திரை மைக்கோஃபீனோலேட்டை நிறுத்தி, டாக்ரோலிமஸைப் பாதியாக்க வேண்டும். கட்டியைக்கூடத் தாங்கிக்கொண்டேன், இதைத் தாங்க முடியவில்லை. அக்காவின் கிட்னி போய்விட்டால் அவள் முகத்தில் எப்படி முழிப்பது? இரண்டு நாள் சொல்லாமலே இருந்தேன். மனைவி சொல்லிவிட்டாள்.

"கிட்னிக்காகவாடா நீ? உனக்காகத்தானடா கிட்னி! கிறுக்குப்பய" என்றாள் அக்கா.

குறைத்தும் கட்டி போதிய அளவு சுருங்கவில்லை. மஞ்சள் காமாலை பி வைரஸ் இல்லையென்று பார்த்துவிட்டு, அந்த வெள்ளணுக்களை அழிக்கும் ரிட்டக்ஸிமாப் மருந்து டிரிப்ஸ், வாரம் ஒன்றாக நான்கு. முதல் நாள் உடம்பு தூக்கிப் போட்டது. டிரிப்ஸை நிறுத்தி, மெதுவாக ஓட்டினார்கள். மற்ற மூன்றும் தூங்கியே கழிந்தன.

பெட் ஸ்கேனில் கட்டி அடங்கிவிட்டது. கிட்னி சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் ஏறும் கிரியாட்டினின், 1.3-லிருந்து 1.6-க்கு ஏறி அங்கேயே நிற்கிறது. ஒவ்வொரு ஸ்கேன் முடிந்ததும் அக்கா போன் பண்ணுவாள். முதலில் கேட்பது கிரியாட்டினின் எவ்வளவு என்றுதான்.