வரவும் இல்லை, பற்றும் இல்லை

வால்மீன் ஆராய்ச்சி என்று சொன்னதும், மொட்டை மாடியில் தொலைநோக்கியோடு விடிய விடிய உட்கார்ந்திருப்பேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் பார்ப்பதெல்லாம் மடிக்கணினியில் ஒரு வளைகோடு. வெளிநாட்டு ரேடியோ தொலைநோக்கிகள் பதிவு செய்த நிறமாலையை, அதாவது அலைவரிசை வாரியாகப் பிரித்த பதிவை, சுத்தம் செய்து, வால்மீனிலிருந்து நொடிக்கு எவ்வளவு வாயு கிளம்புகிறது என்று கணக்குப் போடுவது என் வேலை. தேவகோட்டைப் பக்கம் எங்கள் பூர்விக வீட்டின் இரண்டாங்கட்டில் இருந்தபடி அதைச் செய்கிறேன். ஐயாவுக்கு வயதாகிவிட்டது, இவ்வளவு பெரிய வீட்டைப் பூட்டிப் போடவும் மனமில்லை. சுவர்களின் தடிமனுக்கு மொபைல் சிக்னல் முகப்போடு நின்றுவிடும். உள்ளே கேபிள் இழுத்த பிறகுதான் வேலை ஓடுகிறது.

வால்மீனின் நடுவிலிருக்கும் திடப்பகுதியைக் கரு என்போம்; அதிலுள்ள பனியில் பெரும்பங்கு உறைந்த நீர். சூரியனை நெருங்க நெருங்க அது ஆவியாகிக் கிளம்பும். ஒரு மூலக்கூறு தனக்கென்ற அலைவரிசையில் காட்டும் மேட்டை அல்லது பள்ளத்தைக் கோடு என்கிறோம். ஆனால் நீரின் வலுவான ரேடியோ கோடு நம் காற்றிலிருக்கும் ஈரத்தாலேயே மறைந்துவிடுகிறது. அதனால் அது உடைந்து மிஞ்சும் துண்டைப் பிடிக்கிறோம். பூமியின் தூரத்தில் ஒரு நீர் மூலக்கூறு ஏறக்குறைய ஒரு நாள் தாங்கும். அப்புறம் சூரியனின் புற ஊதாக் கதிர் அதை உடைத்து ஹைட்ராக்சில் (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த துண்டு) ஆக்கிவிடும். 1665, 1667 மெகாஹெர்ட்ஸில், அதாவது 18 செ.மீ. அலைநீளத்தில், இந்த ஹைட்ராக்சில் தெரியும். கோட்டின் அகலத்திலிருந்து வாயு விரியும் வேகம் கிடைக்கும்; நொடிக்கு ஒரு கிலோமீட்டர் வேக வித்தியாசம் இந்த அலைவரிசையில் சுமார் 5.6 கிலோஹெர்ட்ஸ். வெயில் படும் பக்கம் அதிகமாக வாயு பீறிட்டால் கோடு ஒரு பக்கமாகச் சாயும். எனக்குப் பிடித்த பகுதி அதுதான். படமே எடுக்காமல், கரு எந்தப் பக்கம் மூச்சு விடுகிறது என்று தெரிந்துவிடுகிறது.

இதுவரை நேர்வழி. சிக்கல், ஹைட்ராக்சில் எப்போது ஒளிரும் என்பதில் இருக்கிறது. அது தன் சூட்டில் ஒளிர்வதில்லை. சூரியனின் புற ஊதா ஒளியை உறிஞ்சி, திரும்ப இறங்கும்போது இரண்டு ஆற்றல் மட்டங்களில் மேல்மட்டத்தில் மூலக்கூறுகளின் கூட்டம் சேர்ந்தால், பின்னணியிலிருந்து வரும் ரேடியோ அலையைப் பெருக்கிக் காட்டும். கீழ்மட்டத்தில் கூட்டம் சேர்ந்தால் அதே அலையை விழுங்கும். எது நடக்கும் என்பது, வால்மீன் சூரியனை நோக்கி அல்லது விலகி எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதைப் பொறுத்தது. சூரிய நிறமாலை முழுக்கக் கருங்கோடுகள். டாப்ளர் நகர்வால், அதாவது வேகத்தால் அலைநீளம் தள்ளிப்போவதால், மூலக்கூறுக்கு ஒரு நாள் வெளிச்சமான இடம் கிடைக்கும், ஒரு நாள் இருட்டான இடம். 1973-இல் கோஹூடெக் வால்மீனில், பிரான்ஸின் நான்சே தொலைநோக்கிதான் இந்தக் கோட்டை முதலில் கண்டவற்றில் ஒன்று. டிசம்பர் 28 அன்று அந்த வால்மீன் சூரியனைச் சுற்றித் திரும்பியது. அதற்கு முன் கோடு பள்ளமாக இருந்தது, ஜனவரியில் மேடாகிவிட்டது. வெறுங்கண்ணால் பார்க்கக் காத்திருந்தவர்களை ஏமாற்றிய வால்மீன் என்று அதற்குப் பெயர். ரேடியோக்காரர்களிடம் அப்படிச் சொல்லிவிட முடியாது.

ஐயா வட்டிக்கடைக் கணக்குப் பார்த்து வளர்ந்தவர். ஒரு நாள் திரையில் இந்த மேட்டையும் பள்ளத்தையும் பார்த்துவிட்டு, "மேல போனா வரவு, கீழ போனா பற்று, அதானே?" என்றார். "ஆமா ஐயா. ரெண்டுமே ஆள் இருக்கான்னுதான் காட்டுது" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப ஒண்ணுமே எழுதலைன்னா ஆள் செத்துட்டானா?" என்று கேட்டார். சரியான இடத்தில் கை வைத்துவிட்டார்.

சில வேகங்களில் மேல்மட்டமும் கீழ்மட்டமும் சமமாகிவிடும். அன்றைக்கு நொடிக்கு டன் கணக்கில் நீர் கொட்டினாலும் கோடு தட்டையாகவே இருக்கும். இந்தச் சமநிலையைச் சொல்ல 1981-இலும் 1988-இலும் வெளிவந்த கணக்கீடுகளை இன்றும் எடுத்தாள்கிறோம். சமநிலையை ஒட்டிய வேகங்களில் அவை இரண்டும் ஒத்துப்போவதில்லை. இன்னொரு வினோதமும் உண்டு. கருவுக்கு அருகே வாயு அடர்த்தியாக இருந்தால் மூலக்கூறுகள் மோதி மோதி அந்தக் கூட்டத்தைக் கலைத்துவிடும். 1997-இல் ஹேல்-பாப் போல அள்ளிக் கொடுக்கும் வால்மீனில்தான் நடுப்பகுதி மங்கிப்போகிறது. இதைத் திருத்தாமல் கணக்குப் போட்டால், நிறையக் கொடுக்கிறவன் குறைவாகக் கொடுத்தவனாகிவிடுவான்.

காரைக்குடியில் ஒரு கல்லூரிக்குப் பேசப் போனபோது மாணவர்கள் உடனே கேட்டது, "நம்ம ஊட்டியிலயே இருக்கே சார், அதுல பாக்க முடியாதா?" என்றுதான். ஊட்டித் தொலைநோக்கி 530 மீட்டர் நீளம். மலைச்சரிவின் சாய்வு அந்த இடத்தின் அட்சரேகைக்கு ஒத்துப்போகும்படி இடம் தேர்ந்தெடுத்துக் கட்டினார்கள். அருமையான கருவி, ஆனால் கேட்பது 327 மெகாஹெர்ட்ஸை ஒட்டி மட்டும். புனே பக்கம் 45 மீட்டர் குறுக்களவில் 30 ரேடியோ தொலைநோக்கித் தட்டுகள் நிற்கின்றன. அவையும் 1460-க்குக் கீழேயே நின்றுவிடுகின்றன. 1667-ஐ எட்ட இன்னும் 200 மெகாஹெர்ட்ஸ் போக வேண்டும். அதைச் சொன்னதும் முன்வரிசையில் ஒரு பெண் "ச்சே" என்றது மேடை வரை கேட்டது. எனக்கும் அதே வருத்தம்தான்.

கோடு தட்டையாகும் நாட்களில் நாங்கள் போவது மில்லிமீட்டர் அலைகளுக்கு. அங்கே 88.6 கிகாஹெர்ட்ஸில் ஹைட்ரஜன் சயனைடு தெரியும். மெத்தனாலின் பல கோடுகளை ஒப்பிட்டால் வாயுவின் வெப்பநிலையே கிடைக்கும். 2015-இல் லவ்ஜாய் வால்மீனில் எத்தில் ஆல்கஹால் இருப்பதும் இந்த வழியில்தான் தெரிந்தது. (பத்திரிகைகளுக்கு அன்று கொண்டாட்டம். கூடவே கிடைத்த எளிய சர்க்கரையை அவ்வளவாக யாரும் சீண்டவில்லை.) ஹைட்ரஜன் சயனைடுக்கு அந்தப் புற ஊதாத் தகராறு கிடையாது. ஆனால் அது நீரின் அளவில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவில்தான் இருக்கிறது, அந்தப் பங்கும் வால்மீனுக்கு வால்மீன் மாறும்.

இந்த விகிதத்தை வைத்து நீரின் அளவை ஊகித்து, எங்கள் அட்டவணையில் கோடு தட்டையான நாளின் கட்டத்தை நிரப்பலாமா என்பதில் எங்கள் குழுவுக்குள் இன்னும் ஒத்துவரவில்லை. அளக்காததை அளந்தது போல எழுதக் கூடாது, அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும் என்பது என் கட்சி. காலிக் கட்டத்தைப் பார்த்தால் வால்மீன் அன்று வாயு விடவில்லை என்று வாசிப்பவர்கள் நினைத்துவிடுவார்கள் என்கிறார்கள் மற்றவர்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. இப்போதைக்கு எண்ணைப் போட்டு, பக்கத்தில் நட்சத்திரக் குறி வைத்து, அடியில் அன்றைய வேகத்தையும் எழுதி அனுப்புகிறோம்.