ஒரு ஃபங்ஷன் மாற்றத்துக்கு நான்கு மாதம்

நான் பராமரிக்கும் சின்ன பைத்தான் லைப்ரரியில் (பிறர் தங்கள் நிரல்களில் சேர்த்துக்கொள்ளும் நிரல் தொகுப்பு) ஒரு ஃபங்ஷன், உள்ளீட்டில் தவறான வரி வந்தால் சத்தமில்லாமல் காலி மதிப்பைத் திருப்பித் தரும். பிழை என்றால் பிழை என்று சொல்ல வேண்டாமா? மெயின்டெய்னர்கள் மூன்று பேரும் ஒரு வீடியோ அழைப்பில் பேசி, எக்ஸெப்ஷன் (நிரலை நிறுத்தும் பிழை அறிவிப்பு) எழுப்பும்படி மாற்றி, பிழைத்திருத்தம் என்ற பெயரில் 2.4 பதிப்பில் வெளியிட்டுவிட்டோம். அன்றிரவே பலருடைய வேலைகள் பாதியில் நின்றன, ஏனென்றால் அந்தக் காலி மதிப்பை நம்பித்தான் அவர்கள் நிரல் எழுதியிருந்தார்கள். பயனர்கள் பெருகிவிட்டால், ஆவணத்தில் என்ன இருந்தாலும் வெளியே தெரியும் ஒவ்வொரு நடத்தையையும் யாராவது நம்பியிருப்பார்கள் என்கிறது ஹைரம் விதி. அன்றுதான் அது எனக்குப் புரிந்தது.

கோபமாக வந்த புகார்ப் பதிவுகளை, அதாவது இஷ்யூக்களைவிட ஒரு அமைதியான கேள்விதான் உறுத்தியது: "இதை எங்கே முடிவு செய்தீர்கள்? தேடினேன், கிடைக்கவில்லை." காட்டுவதற்கு எங்களிடம் ஒரு சுட்டிகூட இல்லை.

2.4.1-இல் மாற்றத்தைத் திரும்பப் பெற்றோம். அப்புறம் ரஸ்ட் மொழியின் ஆர்எஃப்சியை (மாற்றங்களை எழுதி வைத்துப் பொதுவில் கருத்துக் கேட்கும் முறை) பார்த்து, அதே மாற்றத்துக்கு ஒரு முன்மொழிவு எழுதினேன். அங்கே முடிவுக்கு முன் கடைசிக் கருத்துகளுக்கு 10 நாள் விடுவார்கள், நாங்கள் 30 நாள் விட்டோம். நிறையப் பேர் பேசினார்கள், பெரும்பாலும் ஆதரவுதான். ஆனால் பெயர்களைச் சரிபார்த்தால், 2.4-இல் அடிபட்டவர்களில் ஒருவர்கூட அங்கே இல்லை! லைப்ரரியை நிறுவிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பவருக்கு எங்கள் விவாதம் நடப்பதே தெரியாது.

சரி, எச்சரிக்கை போடலாம் என்றால் அதிலும் சிக்கல். பைத்தான் 3.2-இலிருந்து டெப்ரிகேஷன்வார்னிங் (இந்த வசதி கைவிடப்படப்போகிறது என்ற எச்சரிக்கை) இயல்பாகவே மறைக்கப்படுகிறது. 3.7-க்குப் பிறகு நேரடியாக இயக்கும் ஸ்கிரிப்டில் எழுந்தால் மட்டும் தெரியும். வேறொரு பேக்கேஜுக்குள்ளிருந்து எங்களை அழைப்பவர்களுக்கு ஒன்றுமே தெரியாது. அதனால் எல்லோருடைய திரையிலும் தோன்றும் ஃபியூச்சர்வார்னிங் என்ற எச்சரிக்கைக்கு மாறினோம்.

உண்மையில் பலன் தந்தது வேறொன்று. ரஸ்ட் குழுவினர் கிரேட்டர் என்ற கருவியை வைத்து, வெளியாகியிருக்கும் பேக்கேஜ்களை எல்லாம் புதிய கம்பைலரில் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவி) ஓட்டிப் பார்ப்பார்கள். நாங்கள் சிறிய அளவில், எங்களை நம்பியிருக்கும் 40 திட்டங்களை இறக்கி அவற்றின் டெஸ்ட்களைக் கையாலேயே ஓட்டினோம். 7 உடைந்தன. ஏழு பேரிடமும் நாங்களே போய் இஷ்யூ திறந்து, முன்மொழிவின் சுட்டியைக் கொடுத்துக் கருத்துக் கேட்டோம். இரண்டு பேர் பதிலே சொல்லவில்லை. ஒருவர் மட்டும் விரிவாக எழுதினார்: பழைய நடத்தை அப்படியே இருக்கட்டும், கண்டிப்பு வேண்டியவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ள ஃபங்ஷனை அழைக்கும்போது கொடுக்கும்படி ஒரு பேராமீட்டர் சேருங்கள் என்று. விவாதத்தில் பேசிய இத்தனை பேரில் யாருக்கும் தோன்றாத யோசனை அது.

அதையே ஏற்று 2.5-இல் சேர்த்தோம், ஃபியூச்சர்வார்னிங்கை எடுத்துவிட்டோம். நிராகரித்த வழிகளையும் காரணங்களையும் முன்மொழிவின் கீழேயே எழுதி வைத்தோம். நான்கு மாதம் போனது. இவ்வளவு சின்ன மாற்றத்துக்கு இவ்வளவு நாளா என்று சக மெயின்டெய்னர் ஒருவர் சலித்துக்கொண்டார், அது நியாயமான சலிப்புதான். எனக்கும் அந்தப் பேராமீட்டரின் இயல்பு மதிப்பையே மாற்றி, கேட்காமலே கண்டிப்பு வரும்படி செய்யத்தான் ஆசை. அந்தக் கேள்வியை 3.0-க்கான பட்டியலில் திறந்தே வைத்திருக்கிறோம், பதில் சொல்லாத அந்த இரண்டு திட்டங்களின் பெயரோடு.